கை ஓயும் முன் கையெழுத்து: இயக்க நரம்பணு நோய்க்கு உதவி பெறுவது எப்படி?

இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. ஆனால் தெரிந்து வைத்திருந்தால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஏற்காடு மலையில் மாரமங்கலம் போன்ற ஒரு ஊர். உங்கள் அண்ணன் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களாகச் சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை. பழம் பறிக்கும்போது கூடை நழுவுகிறது. நடக்கும்போது கால் தடுக்குகிறது. "வேலை அதிகம், உடம்புல சத்து இல்ல" என்று சொல்லிவிடுவோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கை மெலிந்துகொண்டே போனால், தசை தானாகத் துடித்தால், பேச்சு மெல்ல மெல்லக் குழறினால், காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். (பேச்சு திடீரெனக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.)

இது என்ன நோய்?

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு "அசை" என்று கட்டளை கொண்டு போகும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதுதான் இயக்க நரம்பணு நோய். சுருக்கமாக எம்.என்.டி. என்பார்கள். இதில் அதிகம் காணப்படும் வகை ஏ.எல்.எஸ். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று பலம் குறையும். பார்வையும் தொடு உணர்வும் பொதுவாகப் பாதிக்கப்படாது. பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். இது தொற்றுநோய் இல்லை. பக்கத்தில் உட்காரவோ, ஊட்டிவிடவோ பயப்படாதீங்க.

முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரை நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும். ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பலர் 2 முதல் 5 ஆண்டுகள் வாழ்கிறார்கள். சிலர் அதைத் தாண்டியும் நெடுநாள் வாழ்கிறார்கள். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல் நோய் கண்டறியப்பட்டது; அவர் மறைந்தது 2018-இல்.

நம் ஊர் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது தெரியுமா? இளம் வயதில் தொடங்கி, கை கால் பலவீனத்தோடு காது கேளாமையும் சேர்ந்து, மெதுவாக வளரும் ஒரு வகையைச் சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்தார்கள். இன்றும் உலக மருத்துவ நூல்களில் அதன் பெயர் "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்".

குணமாக்க முடியாதுன்னா, என்னதான் செய்வது?

நிறைய செய்யலாம். மூச்சுக்கு முகமூடிக் கருவி, விழுங்க முடியாதபோது வயிற்றுக் குழாய் வழி உணவு, இயன்முறைப் பயிற்சி, சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை என்று ஒவ்வொன்றும் வாழ்நாளையோ நிம்மதியையோ கூட்டும். ஆனால் நோய் காத்திருக்காது. இன்று கையெழுத்துப் போடும் கை ஆறு மாதத்தில் போட முடியாமல் போகலாம். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இன்று பேருந்தில் போகிறவரை நாளை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அதனால் கீழே உள்ள வேலைகளை நோய் உறுதியானதுமே தொடங்குங்கள்.

1. ஆதாரில் கைபேசி எண் இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பகமான ஒருவரோடு கூட்டுக் கணக்கு தொடங்குவது பற்றி வங்கியில் கேளுங்கள்.

2. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். எல்லா அறிக்கைகளையும் கைபேசியில் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள்.

3. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்குச் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் தேவை. இந்த நோயில் சதவீதம் கூடிக்கொண்டே போகும். எனவே ஒருமுறை குறைவாக வந்தாலும் மறுமதிப்பீடு கேளுங்கள்.

4. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. தகுதி பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

5. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

6. குரலைப் பதிவு செய்யுங்கள். "தண்ணி வேணும்", "வலிக்குது", "திருப்பிப் படுக்க வை", பிள்ளைகளின் பெயர்கள் என எல்லாவற்றையும் அவர் குரலிலேயே கைபேசியில் சேமித்து வையுங்கள்.

பேச்சு நின்ற பிறகு

ஒரு அட்டையில் 18 மெய்யெழுத்தும் 12 உயிரெழுத்தும் எழுதுங்கள். நீங்கள் வரிசையாக விரலால் காட்ட, சரியான எழுத்தில் அவர் கண் சிமிட்டட்டும். "த்" என்பதில் ஒரு சிமிட்டல், "அ" என்பதில் ஒரு சிமிட்டல், "த" கிடைத்தது. இரண்டு மூன்று எழுத்தில் "தண்ணீர்" என்று நீங்களே ஊகித்துவிடலாம். செலவு ஒரு அட்டையும் ஒரு பேனாவும்தான்.

தொண்டு எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் 1979 முதல் எம்.என்.டி. சங்கம் ஒன்று குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட வீடியோக்கள் நினைவிருக்கிறதா? அந்தக் கோடையில் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. இந்தியாவில் இந்த நோயாளிகளுக்காகவே ஆஷா ஏக் ஹோப் அறக்கட்டளை இயங்குகிறது.

நம் சேலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்கும் தசைச்சிதைவு நோய். அது வேறு நோய். அங்கே நரம்பு இல்லை, தசையே சிதைகிறது. ஆனால் வீட்டின் தேவைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே 2009-இல் அவர்கள் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தங்களைப் போன்றவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் பராமரிப்பும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். வானவன் மாதேவி 2017-இல் மறைந்தார். அடுத்தவர் தூக்கிவிட வேண்டிய நிலையில் இருந்தவர்களே அடுத்தவருக்காக ஓர் அமைப்பைக் கட்டினார்கள் என்றால், ஓடியாடும் நம்மால் ஒரு தெருவைத் திரட்ட முடியாதா?

ஊரில் என்ன செய்யலாம்? சுயஉதவிக் குழுவோ இளைஞர் மன்றமோ சேர்ந்து சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி, காற்று மெத்தை வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மூச்சுக் கருவி உள்ள வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கப் பணம் சேர்க்கலாம். மழை நாளில் மின்சாரம் நின்றால் அதுதான் உயிர். வாரம் ஒரு மாலை நோயாளி அருகே உட்கார்ந்து, பார்த்துக்கொள்ளும் அக்காவையோ அம்மாவையோ இரண்டு மணி நேரம் தூங்கவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்பி நிலத்தை விற்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்படி, இந்த நோய்க்கு அதை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வில் சேர நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

உங்கள் தெருவில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்கள் வீட்டில் காட்டுங்கள். முடிந்தால் அங்கேயே உட்கார்ந்து, உங்கள் கைபேசியில் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அவரால் இன்று கையெழுத்துப் போட முடிகிறது என்றால், இன்றே செய்யுங்கள்.