மாடித் தொட்டியை எப்போ எட்டிப் பார்த்தே?

சென்னையில் கால்வாய் ஓரமாக வீடு எடுக்கும் தங்கச்சிகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். “அக்கா, இந்தச் சாக்கடையால மலேரியா வந்துடுமா?” சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, கொசுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். தங்கச்சி, சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசுவைத் தேட வேண்டிய இடம் கால்வாய் இல்லை. உன் தலைக்கு மேலே இருக்கிற தொட்டி.

அந்தக் கொசுவுக்கு அனாபிலிஸ் ஸ்டீபன்சை என்று பெயர். கிணறு, மாடித் தொட்டி, சம்ப், டிரம் என்று தெளிந்த தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்து முட்டையிடும். சாக்கடையில் மொய்ப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது.

அப்போ தண்ணீர் கெட்டுப்போனால் நமக்கென்ன என்று இருந்துவிடாதே. போர் தண்ணீரில் கழிவு கலந்து நாற்றமடித்தால் என்ன செய்கிறோம்? லாரித் தண்ணீர் பிடித்து டிரம், அண்டா, குடம் என்று நிரப்பி நாள்கணக்கில் வைக்கிறோம். நிலத்தடி நீரைக் கெடுத்தோம், அதனாலேயே வீட்டுக்குள் நல்ல தண்ணீரைத் தேக்கி இந்தக் கொசுவுக்கு இடம் கொடுத்தோம். எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

குட்டையில் கழிவு சேர்ந்தாலும் கேடுதான். கொசுப்புழுவைத் தின்னும் மீனும் தட்டான் குஞ்சும் மூச்சுமுட்டிச் சாகும். கொசுப்புழுவோ மேலே வந்து காற்றை இழுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் லாகோஸ், அக்ரா நகரங்களில், நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் என்று நினைத்திருந்த மலேரியாக் கொசுக்களின் புழுக்களையே அழுக்குத் தண்ணீரில் கண்டிருக்கிறார்கள். அதனால் கலங்கல் தண்ணீர்தானே என்று எதையும் விட்டுவைக்காதே.

ஒரு வெள்ளைக் கிண்ணமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போ. மூடியைத் திறந்ததும் உன் நிழல் பட்டுப் புழுக்கள் சர்ரென்று அடியில் போய்விடும். இரண்டு நிமிஷம் அசையாமல் நில். திரும்ப மேலே வந்ததும் கிண்ணத்தைச் சாய்த்து மொண்டு பார். தண்ணீர்மட்டத்தோடு ஒட்டி, சின்னக் கோடு போட்டது மாதிரி படுத்திருந்தால் அது அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸோ டெங்குக் கொசுவோ. எதுவானாலும் வைத்திருக்காதே.

இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் தொட்டியை வாராவாரம் காலிசெய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மூடியில் விரிசல் இருக்கக் கூடாது. ஓவர்ஃப்ளோ குழாயின் வாயை எல்லாரும் மறந்துவிடுகிறோம், அங்கே கொசுவலைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டு. டிரம், அண்டாவை மட்டும் வாரம் ஒரு நாள் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துக் காயவை. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குக் கப்பி மீன் போதும், மண்ணெண்ணெய் ஊற்றிக் குடிதண்ணீரைக் கெடுக்காதே. கார்ப்பரேஷனிலிருந்து கொசு மருந்து ஊற்ற வந்தால் மாடிக் கதவைத் திறந்துவிடு. இந்தக் கொசு ராத்திரியில் கடிப்பது, ஆகவே பிள்ளைகளை வலைக்குள் படுக்கவை.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதே. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய், காசு வாங்க மாட்டார்கள். என் சின்னவனுக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தபோது 14 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே ஓடியாடினான், நானும் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, மூன்று போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினான். கல்லீரலில் ஒளிந்திருந்த கிருமி திரும்பக் கிளம்பிவிட்டது என்றார் டாக்டர். இரண்டாம் தடவை காலண்டரில் தேதிக்குத் தேதி பேனாவால் அடித்துக்கொண்டே 14 நாளும் கொடுத்தேன். நீயும் அப்படியே கொடு. மாசமாக இருந்தால் மட்டும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு, அந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.