தேர்வில்லாமல் வாசிக்கப் பழக்குதல்

தமிழில் எழுத்துகள் 247. வாசிக்கத் தொடங்க அத்தனையும் வேண்டியதில்லை. ட, ப, ம, ய என்ற நான்கும் புள்ளி வைப்பதும் பழகினாலே படம், பட்டம், மடம், பயம் என்று சொற்கள் வந்துவிடும். அகர வரிசையில் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் சொல் என்றால், பிள்ளைக்கு ஏதோ ஒன்றை வாசித்துப் புரிந்த சந்தோஷம் கிடைக்க மாதக்கணக்காகும். அதற்குள் இரண்டு தேர்வு வந்து போயிருக்கும்.

சிறு வகுப்பில் தேர்வை ஓரங்கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் ஏணி முறையை ஒட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுதும் பரவியது. அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரமாகக் கரும்பலகை இருந்தது. 2019-இல் அறிவித்த ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் 2020 பிப்ரவரியில் அரசே கைவிட்டது. வீட்டில் தேர்வு வைக்கும் பெற்றோர்தான் இன்னும் கைவிடவில்லை.

தேர்வில்லாமல் பழக்குவதில் முதல் படி, கேட்பது. தினமும் ஒரு கதை; ஆச்சி வாய்வழியாகச் சொன்னாலும் சரி, புத்தகத்தைப் பார்த்து வாசித்தாலும் சரி. கதை முடிந்ததும் கேள்வி கேட்கக் கூடாது.

இரண்டாம் படிக்குத்தான் அதிக நேரம் வேண்டும். பிள்ளை சொல்வதைப் பெரியவர் எழுத வேண்டும். திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வந்த பிள்ளை, “ஆத்துல தண்ணி நெறயப் போவுது” என்று சொன்னால், அதை அப்படியே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்துக் காட்டலாம். பிள்ளையும் விரல் வைத்துச் சொல்லும். அது மனப்பாடமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மறுநாள் தாளைச் சொற்களாக வெட்டிக் கலைத்துப் போட்டால், அடுக்கும்போது கண் எழுத்தைத் தேடத் தொடங்கும். “ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது” என்ற புத்தக நடையைச் சில வாரம் கழித்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். முதல் நாளே திருத்தினால், தன் பேச்சே தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எழுத்து. இதற்குப் பேருந்துப் பலகையைவிட நல்ல அட்டை கிடையாது. ‘பாபநாசம்’ என்ற ஒரே பெயரில் துணைக்கால் உள்ள ‘பா’வும் இல்லாத ‘ப’வும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘சேரன்மகாதேவி’யில் இரட்டைக்கொம்பு இரண்டு இடத்தில் வருகிறது. ‘கடையம்’ என்பதில் வல்லென்று ஒலிக்கும் ககரம், ‘மகாதேவி’யில் மெலிந்து ஒலிக்கும்; விதி சொல்ல வேண்டாம், காது தானே பிடித்துக்கொள்ளும். கொ, கோ வகை கடைசியில் வரட்டும். கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் நின்றாலும் ஒலியில் மெய்தான் முந்துகிறது என்பதால் பல பிள்ளைகள் அங்கேதான் தடுக்குகிறார்கள்.

பிறகு புத்தகம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் உள்ளன. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கோ பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ கூட்டிப்போய்ப் பிள்ளையையே எடுக்க விட வேண்டும். ஒரே புத்தகத்தைப் பத்து முறை எடுத்தாலும் தடுக்கக் கூடாது. எழுத்துக்கூட்டித் திணறும்போது கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, வரவில்லையென்றால் சொல்லையே சொல்லிக்கொடுத்துவிடலாம். கதை நின்றுபோகக் கூடாது.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? மாதம் ஒருமுறை, பிள்ளை தானாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, எந்த எழுத்தில் தடுக்கியது, எங்கே சிரித்தது, எங்கே தன் தப்பைத் தானே திருத்தியது என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்தால் போதும். மதிப்பெண் வேண்டாம், அண்ணன் அக்காவோடு ஒப்பிடவும் வேண்டாம். அந்த நோட்டு பெரியவருக்கு மட்டும்.

ஏழு எட்டு வயதிலும், இத்தனைக்குப் பிறகும், எழுத்துகள் மாறி மாறித் தெரிந்தால், அல்லது பிள்ளை தாளை முகத்தருகே வைத்துப் பார்த்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கற்றல் குறைபாடு உண்டா என்று கேட்பது அடுத்த வேலை.