உறிஞ்சல் ஹீட் பம்ப்: உள்ளே ஓடும் திரவத்தைக் கேட்டு வாங்குங்கள்

வழக்கமான ஹீட் பம்பில் கம்ப்ரஸர் பார்க்கும் வேலையை உறிஞ்சல் ஹீட் பம்பில் இரண்டு பொருள்கள் பார்க்கின்றன. ஒன்று வெளியிலுள்ள வெப்பத்தை வாங்கி ஆவியாகும். மற்றது அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். கரைசலைக் கேஸ் பர்னர் சூடாக்கியதும் ஆவி பிரிந்து மீண்டும் சுற்றுக்குத் திரும்பும். ஐரோப்பாவில் கேஸ் பாய்லரை மாற்ற நினைக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த ஜோடியைத்தான்.

செய்ய வேண்டியவை

• வெப்பம் எங்கிருந்து வரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வெளிக்காற்று என்றால் அம்மோனியா–நீர் ஜோடிதான் சரி. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும் அம்மோனியா, உறைபனியிலும் வேலை செய்யும். நீர்–லித்தியம் புரோமைடு ஜோடியில் ஆவியாவது நீர். 0 டிகிரியில் அது உறைந்துவிடும். நிலத்தடி நீர்போல ஆண்டு முழுதும் உறையாத மூலம் இருந்தால் மட்டுமே இந்த ஜோடியை யோசியுங்கள்.

• தரைக்கடியில் குழாய் பதித்துச் சூடேற்றும் முறையோ பெரிய ரேடியேட்டரோ வையுங்கள். வீட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும் நீர் குளிர்ந்திருந்தால்தான் கரைசல் ஆவியை நன்றாக உறிஞ்சும். நல்ல சூழலில் அம்மோனியா கருவி 1 பங்கு கேஸுக்குச் சுமார் 1.5 பங்கு வெப்பம் தரும். திரும்பும் நீர் சூடேற ஏற இந்த ஆதாயம் குறையும்.

• அம்மோனியாவோடு சேர்ந்து வரும் நீராவியை எப்படிப் பிரிக்கிறார்கள், அப்போது வெளிப்படும் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். நீராவி மிஞ்சினால் ஆவியாக்கியில் நீர் தங்கி, வெப்பம் இழுக்கும் திறன் குறையும். லித்தியம் புரோமைடு ஆவியாகாத உப்பு என்பதால் அந்தக் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை.

• அம்மோனியா கருவியை வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். அம்மோனியா நச்சுவாயு. கசிந்தால் காரநெடி உடனே காட்டிக்கொடுக்கும். நெடி வந்ததும் விலகி நின்று, தொழில்நுட்பரை அழையுங்கள்.

செய்யக்கூடாதவை

• லித்தியம் புரோமைடு கருவியிடம் மிகச் சூடான நீரை எதிர்பார்க்காதீர்கள். அதற்காகக் கரைசலை அடர்த்தியாக்கினால், குளிரும்போது உப்பு படிகமாகிக் குழாயை அடைக்கும். ஓடும் கருவியின் மின்சாரத்தைத் திடீரென நிறுத்துவதிலும் இதே ஆபத்து உண்டு. கரைசல் நீர்த்த பிறகே நிற்கட்டும்.

• மூடிய சுற்றைத் திறக்காதீர்கள், திரவத்தை நிரப்பவும் முயலாதீர்கள். அம்மோனியா உயர் அழுத்தத்தில் இருக்கிறது. லித்தியம் புரோமைடு கருவிக்குள் கிட்டத்தட்ட வெற்றிடம். சிறிது காற்று புகுந்தாலும் உறிஞ்சுதல் தடைபடும், எஃகு அரிக்கப்படும்.

• அம்மோனியா ஓடும் பகுதியில் செம்பு, பித்தளைப் பாகங்களைப் பொருத்த விடாதீர்கள். அம்மோனியா அவற்றை அரித்துவிடும்; அங்கே எஃகுதான் வேண்டும்.

• தேவைக்கு மிஞ்சிய பெரிய கருவியை வாங்காதீர்கள். அடிக்கடி நின்று ஓடினால், ஒவ்வொரு முறையும் கரைசலைச் சூடேற்றவே கேஸ் வீணாகும்.

• 1.5 என்ற எண்ணை மின்சார ஹீட் பம்பின் 3 அல்லது 4-உடன் நேராக ஒப்பிடாதீர்கள். ஒன்று கேஸ் கணக்கு, மற்றது மின்சாரக் கணக்கு. உங்கள் ஊரில் இரண்டும் விற்கும் விலையை வைத்து, ஆண்டு பில்லைப் போட்டுப் பாருங்கள்.