மேட்டுக்காட்டில் டிராக்டர் கவிழாமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் காடு ஒரே சரிவு. உழும்போது டிராக்டர் கவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: பயம் இருக்கட்டும், நல்லதுதான். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே உழச் சொல்வார்கள். அது மிதமான சரிவுக்கே பொருந்தும். செங்குத்தான துண்டை மாட்டு ஏருக்கு விட்டுவிடுங்கள். இறக்கத்தில் சின்ன கியர் போதும், கிளட்சை மிதிக்காதீர்கள். சாலையிலும் சரிவிலும் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். மட்கார்டில் யாரையும் ஏற்றாதீர்கள், மச்சான் என்றாலும்.

பின்பக்கமாகக் கவிழ்வதுதான் மகா மோசம். சேற்றில் சிக்கிய பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முறுக்குவார்கள் பாருங்கள், அப்போது சக்கரம் சுழலாது. அதற்குப் பதில் வண்டியின் மூக்கு மேலே கிளம்பும். குதிக்க நேரமிருக்காது. இன்னொரு வண்டியை வைத்து இழுப்பதே சரி. சங்கிலியை டாப் லிங்க்கில் மாட்டாமல், தாழ்வான டிராபாரில் மாட்டுங்கள்.

வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு 1959லேயே கட்டாயமாக்கியது சுவீடன். உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த நிழற்கூரை அதற்கு ஈடாகாது. கம்பெனியே பொருத்திய பாதுகாப்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். இல்லாத வண்டியில் போடவே கூடாது.