யோகோஹாமாவின் செங்கல் கிடங்குகளில் குழந்தைகளோடு ஒரு பகல்

யோகோஹாமாத் துறைமுகக் கரையில், அந்நகரத்தார் ‘அகா ரெங்கா’ என்று, அதாவது சிவப்புச் செங்கல் என்று, வழங்கும் இரண்டு பழைய கிடங்குகள் இன்று கடைகளும் உணவகங்களும் நாடக மண்டபமும் நிறைந்த வளாகமாக விளங்குகின்றன. அவற்றைக் கடைவீதியாக மட்டுமே கருதிக் குழந்தைகளை நேரே உள்ளே அழைத்துச் சென்றால், அவர்கள் விரைவில் சலித்துப்போவதோடு, அவ்விடத்தின் விசேஷமும் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஆகையால் முதலில் பாதை, அடுத்துக் கட்டடம், அதன் பிறகே கடை என்ற கிரமத்தைக் கைக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பதரை மணி அளவில் சகுராகிச்சோ ரயில் நிலையத்தில் இறங்குவது உத்தமம். ஜப்பானின் முதல் ரயில் 1872-இல் தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, யோகோஹாமா நிலையமாக இருந்த ஸ்தலம் இதுவே. அங்கிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் சென்ற பாதை, இப்போது ‘கிஷாமிச்சி’ என்ற நடைபாதையாகி, தண்டவாளங்கள் தரையில் பதிந்தபடியே இரும்புப் பாலங்களைக் கடந்து செல்கிறது. குழந்தைகளைத் தண்டவாளத்தின் மேலேயே நடக்கவிடுங்கள். சிறிது தூரத்தில், ஒரு விடுதிக் கட்டடத்தின் நடுவே வாயில்போல் அமைந்த இடைவெளியில், கிடங்கின் செந்நிறம் முதன்முதலாகத் தோன்றும்.

கிடங்கை அடைந்ததும் உள்ளே புகவேண்டாம்; இரண்டாம் கிடங்கின் கடைகள் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். சுங்க வரி செலுத்தும்வரை வெளிநாட்டுச் சரக்குகளைக் காத்துவைக்கும் பொருட்டு, த்சுமாகி யோரினாகா என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, இரண்டாம் கிடங்கு 1911-இலும் முதற் கிடங்கு 1913-இலும் நிர்மாணிக்கப்பட்டன. இரண்டின் நீளத்தையும் குழந்தைகளைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றதில் ஏறக்குறையப் பாதியே இருப்பதைத் தாமே கண்டு, “ஏன்?” என்று அவர்கள் கேட்கும் தருணத்தில் சொல்லவேண்டிய கதை, 1923-ஆம் ஆண்டின் மகா பூகம்பத்தினுடையது. அதில் முதற் கிடங்கின் ஒரு பகுதி இடிந்தது. ஆயினும், சுவர்களுக்குள் இரும்புப் பட்டைகளைப் பதித்துக் கட்டியிருந்தமையால், நகரமே சிதைந்த அந்நாளில் எஞ்சிய பகுதி நிலைத்து நின்றது. அந்தச் சுவரை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். யுத்தத்துக்குப்பின் அமெரிக்கப் படையின் வசம் இருந்து, 1989-இல் கிடங்காக உபயோகிப்பது நின்று, 1992-இல் நகரசபையின் கைக்கு வந்து, 2002-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிற்கால வரலாற்றைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதும்.

பகல் உணவுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள். விடுமுறை நாட்களில் ஜனக்கூட்டம் மிகுதி. சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: காய்கறி மட்டும் மிதக்கும் சாறுகளிலும் மீன் சாரம் கலந்திருப்பது அங்கே சகஜம்; ஆகையால் குழந்தைகளுக்குப் பழகிய உணவு கொஞ்சம் கையோடு இருப்பது நல்லது. கடற்காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் அவசியம். கடைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு குழந்தையும் வாங்கக்கூடிய பொருள் ஒன்றே என்பதை வாயிலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில், யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய அலைதடுப்புச் சுவரால் ‘சோ நோ ஹனா’ எனப் பெயர்பெற்ற பூங்காவுக்குச் செல்லுங்கள். நீரோரத்தில் சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கிருந்து, பழைய சரக்கு ரயிலின் மேம்பாதை வழியே யமாஷிதா பூங்காவை அடையலாம். பூகம்பத்தில் இடிந்த வீடுகளின் கற்குவியலைக் கடலில் நிரப்பி அமைத்து, 1930-இல் திறந்த பூங்கா அது. அதன் ஓரத்தில், குவிமாடத்தின் கீழ் இருக்கும் நீரூற்றைக் காணாமல் திரும்பவேண்டாம். பூகம்பத்தில் மாண்ட இந்தியர்களின் ஞாபகார்த்தமாகவும், தங்களுக்கு ஆதரவளித்த நகரத்தாருக்கு நன்றியாகவும், யோகோஹாமாவில் வாழ்ந்த இந்திய வர்த்தகர்கள் 1939-இல் அதை அந்நகரத்துக்கு அளித்தார்கள்.