விறைத்த தோல் கையுறையைப் பதப்படுத்தும் முறை

1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், சுற்றியுள்ள சிற்றூர்களின் வாழ்க்கை பெரிதும் மாறியது. வயலையும் சுரங்கப் பணியையும் ஒருங்கே கவனிக்கும் குடும்பங்கள் உண்டு. மந்தாரக்குப்பம், வடலூர்ச் சாலைகளில் இரவுப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத் தோல் கையுறை நல்ல காப்பாகும். வண்டி சரிந்தால் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையே அன்றோ! ஆயினும் விறைத்த கையுறையால் பிரேக்கையும் கிளட்சையும் விரைந்து பிடித்தல் இயலாது. காக்க வேண்டிய பொருளே அப்போது ஆபத்தாகிவிடும்.

தோல் விறைப்பது ஏன்? தோல் நுண்ணிய நார்களின் பின்னலாகும். பதனிடும்போது சேர்க்கப்படும் எண்ணெய், அந்நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. வியர்வையும் மழைநீரும் வெயிலும் அவ்வெண்ணெய்ப் பசையைக் குறைக்கின்றன. நனைந்த தோல் விரைந்து உலர்ந்தால் நார்கள் இறுகி ஒட்டிக்கொள்கின்றன.

கவலை இறைத்த காலத்தில், சாலுடன் தைத்த தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி வந்த வழக்கத்தை முதியோர் அறிவர். அதே முறையை இங்கும் கையாளலாம்.

1. மென்மையான தூரிகையால் தூசியை நீக்குக. பிறகு மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல நீர்த் துணியால் மீண்டும் துடைக்கவும்.
2. விரல்களுக்குள் பழந்துணி திணித்து நிழலில் உலர்த்துக. வெயிலும், அடுப்பும், சூடான சைலன்சரும் ஆகா.
3. சிறிது ஈரம் இருக்கும்போதே, தோலுக்குரிய பதக்குழம்பையோ விளக்கெண்ணெயையோ துணியில் சில துளிகள் விட்டு மெல்லியதாகத் தேய்க்கவும். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்தல் நலம். நிறம் சற்றுக் கருக்கலாம்.
4. கையில் அணிந்து, விரல்களைப் பன்முறை மடக்கி நீட்டுக. ஓரிரவு வைத்திருந்து, மிகுந்த எண்ணெயைத் துடைத்துவிடவும்.

எண்ணெய் மிகுந்தால் உள்ளங்கை வழுக்கும், தையலும் தளரும். சொரசொரப்பான மறுபுறத் தோலுக்கு எண்ணெய் வேண்டா, தூரிகையே போதும். மண்ணெண்ணெயும் டீசலும் தோலைக் கெடுக்கும்.

ஒன்றை முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டும். பற்றவைப்புத் தொழிலில் அணியும் தோல் கையுறைக்கு எண்ணெய் தடவவே கூடாது. தீப்பொறி பட்டால் அது பற்றிக்கொள்ளும். வெடித்துக் கிழிந்த தோலை எந்த எண்ணெயும் மீட்காது. அதை நீக்கிவிடுதலே அறிவுடைமை. தையல் மட்டும் பிரிந்திருப்பின் ஊரிலுள்ள தோல் தொழிலாளரிடம் கொடுத்துத் தைத்துக் கொள்ளலாம். அவருடைய கைத்தொழிலுக்கும் அது ஆதரவாகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் மழைக்காலத்திற்கு முன் இச்செய்தியைக் கிராம மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக. சில துளி எண்ணெயும் அரை மணி உழைப்பும் ஓர் உழவரின் கையைக் காக்குமெனில், அது சிறு காரியம் ஆகாது.