மன்னிக்கச் சொல்லும் முன்

கேள்வி: மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோரப் பங்கில் மறைக்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா எங்கள் கோயிலுக்கு வருவார். அவர் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்தவர்; பிறகு தகவலே இல்லை. தவக்கால மறையுரையில் பகைவரை மன்னிப்பது பற்றிப் பேச்சு வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும், தந்தையே?
— ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள், சகோதரி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மன்னிப்பு நம் விசுவாசத்தின் உயிர். ஆனால் பிள்ளை எங்கே என்றே சொல்லாதவர்களை மன்னிக்கும்படி, எதையும் இழக்காத நாம் ஒரு தாயை நெருக்கக் கூடாது. ஏரோது குழந்தைகளைக் கொன்ற இடத்தில், ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலை மத்தேயு எரேமியாவிலிருந்து எடுத்து வைக்கிறார். எரேமியாவில் அதையடுத்து வரும் ஆறுதல் வாக்கை அவர் எடுக்கவில்லை. ராகேலை அழவிடுகிறார். சிலுவையில் இயேசுவும் தம்மைக் கொன்றவர்களின் மன்னிப்பைத் தந்தையிடம்தான் ஒப்படைத்தார். அந்த அம்மாவும் அதைக் கடவுளிடம் விட்டுவிடலாம். அதற்காக அவர் விசுவாசத்தில் குறைந்தவராகிவிட மாட்டார்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய்க் கணக்குக் கேட்டார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலைக்குள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். முதலாவது அரசு அலுவலகக் கணக்கு, இரண்டாவது ஐ.நா. மதிப்பீடு. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று? அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை; விளக்கம் கேட்டார். 2021-இல் அவர் கண்மூடும்வரை விளக்கம் வரவில்லை. ஓர் ஆயர் செய்யக்கூடிய ஆகச் சிறந்த மறையுரை அதுவே என்பேன். அந்த மகனைப் போலவே சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏறிய யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் இன்றுவரை திரும்பவில்லை.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அந்த மகன் பெயரை நீங்களாகப் பூசைக் கருத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இறந்தோர் பட்டியலில் பெயர் ஏறினால், பிள்ளை போய்விட்டான் என்று தாயே கையெழுத்துப் போட்டதாகிவிடும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன் போராட்டத்தில் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மரணச் சான்றிதழை மறுப்பதும் இதனால்தான். “தம்பிக்காக எப்படி வேண்டிக்கொள்ளட்டும், அம்மா?” என்று அவரையே கேளுங்கள். உயிரோடிருப்பவருக்கான மன்றாட்டு என்றால் அப்படியே செய்யுங்கள். அவர் விரும்பினால், போர் முடிந்த நாளான மே 18 அன்று பூசை முடிந்து கோயில் வாசலில் கஞ்சி காய்ச்சுங்கள்: அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் வேண்டாம். முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் மக்கள் அதற்குத்தான் வரிசையில் நின்றார்கள்.

உங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நவாலி தேவாலயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1995 ஜூலை 9 அன்று அங்கே தஞ்சம் புகுந்தவர்கள்மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. அதே வகுப்பிலேயே காத்தான்குடியையும் சொல்லுங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் புலிகள். அந்த அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். இதற்கும் நாம் அழ வேண்டும். ஆனால் இதைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் கண்ணீருக்கு எதிர்த்தட்டில் வைக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் நிறைய. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறார்கள் என்றால் நீங்களும் கூடப் போங்கள். வழி தெரியாவிட்டால், சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் கேளுங்கள்.